இரண்டு கருநாக்கன், ஒரே நாக்கு

சாப்பாட்டு மேசையின் மேல் அன்றைக்கும் ஒரு நகரம் எரிந்துகொண்டிருந்தது. அட்டைப்பெட்டியை வெட்டி ஒட்டிய நகரம். பஞ்சைப் பிய்த்துக் கறுப்பு மை தொட்டு வைத்த புகை. நடுத்தெருவில் சாண் உயரத்துக்குச் செங்கவசன் ஒற்றைக் காலில் நின்றான். நின்றான் என்று சொல்வதுகூட ஒரு மரியாதைக்குத்தான். அவள் கணவர் கேமராவைக் கண்ணருகே கொண்டுபோகும்போதெல்லாம் உலகத்தைக் காக்க வந்த அந்த வீரன் மூஞ்சி குப்புற விழுந்தான். அவர் "ச்சு" என்று அலுத்துக்கொண்டு, அவன் குதிகாலில் துளி மெழுகு வைத்து மறுபடியும் நிறுத்தினார்.

அவள் தட்டை மடியில் வைத்துக்கொண்டு சமையலறை ஸ்டூலில் உட்கார்ந்து சாப்பிட்டாள். நாலு பேர் உட்கார்ந்து சாப்பிடட்டும் என்று வாங்கிய மேசை அது. இப்போது அதன்மேல் சாப்பிடாத ஆட்கள் மட்டும் நாற்பது பேர் குடியிருந்தார்கள்.

"கொஞ்சம் தள்ளி நில்லேன். உன் நிழல் விழுது."

"நான் எங்கங்க நிக்கிறேன்? உக்காந்துதானே இருக்கேன்."

"சரி, உக்காந்தபடியே தள்ளு."

அவர் பல் செட் செய்பவர். மருத்துவர்கள் அச்செடுத்து அனுப்புவார்கள். அவர் முகமே பார்க்காத வாய்களுக்குப் பல் செய்து திருப்பி அனுப்புவார். கை அவ்வளவு சுத்தம். அந்தக் கையும் மெழுகும் ஊசிமுனைச் சுரண்டிகளும் சாயங்காலமானால் செங்கவசனுக்குச் சேவகம் செய்யப் போய்விடும்.

செங்கவசன் எப்போதோ தொலைக்காட்சியில் வந்த ஒரு தொடரின் நாயகன். அவனுடைய எதிரி பெயர் கருநாக்கன். வாயால் என்ன சொன்னாலும் அது பலித்துவிடும். அதுதான் அவன் ஆயுதம். கருநாக்கன் இருக்கும் அறையின் கடைசிக் கதவுவரை செங்கவசன் வந்து, இரண்டு பேரும் நேருக்கு நேர் சந்திக்கப்போகிற கட்டத்தில் தொடரை நிறுத்திவிட்டார்கள். சரி போ என்று ஊரே மறந்துவிட்டது. மறக்காத கொஞ்சம் பேர் இணையத்தில் ஒரு குழு வைத்துக்கொண்டு, பொம்மைகளை நிறுத்திப் படமெடுத்து, கட்டம் கட்டமாக அடுக்கி, பேச்சுக் குமிழி ஒட்டி, விட்டுப்போன கதையை ஆளுக்கொரு விதமாக வளர்த்துக்கொண்டிருந்தார்கள். போட்டோ கதை என்று அதற்குப் பெயர். பாதிப் பேருக்குத் தலை நரைத்துவிட்டது. கதை மட்டும் அந்தக் கடைசிக் கதவுக்கு வெளியிலேயே நின்றது.

பொம்மை என்று அவர் காதுபடச் சொல்லிவிடக் கூடாது. "ஆக்‌ஷன் ஃபிகர்னு சொல்லு. பொம்மைன்னா குழந்தைங்க விளையாடுறது. இதுக்கு உடம்பு முழுக்க மூட்டு இருக்கு, பாரு." மூட்டு இருந்தது உண்மைதான். முகத்தில்தான் ஒன்றுமில்லை. பெற்றவள் செத்தாலும் செங்கவசனுக்கு அதே முகம், ஊரே எழுந்து கைதட்டினாலும் அதே முகம். பஸ் வராமல் நிற்கிறவன் முகம்.

அவள் தம்பிக்கும் அதே கிறுக்கு உண்டு. சமையலறை அலமாரி செய்கிற கம்பெனியில் அவன் டிசைனர். இன்னும் கட்டாத சமையலறையைக் கட்டி முடித்ததுபோலவே கம்ப்யூட்டரில் செய்து வாடிக்கையாளரை மயக்குவது அவன் வேலை. மேடை பளபளக்கும், ஜன்னலில் இளவெயில் விழும், கண்ணாடிக் கிண்ணத்தில் மூன்று எலுமிச்சம்பழம் இருக்கும். எந்த வீட்டுச் சமையலறை ஆனாலும் அதே மூன்று எலுமிச்சம்பழம்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அக்கா வீட்டுக்குச் சாப்பிட வந்தவன், கை கழுவிய ஈரத்தோடு லேப்டாப்பைத் திறந்தான்.

"அத்தான், இதக் கொஞ்சம் பாருங்க."

திரையில் செங்கவசன் நின்றான். பொம்மை கிடையாது, போட்டோ கிடையாது, முழுக்கக் கம்ப்யூட்டரில் செய்தது. மார்புக் கவசத்தில் வானம் தெரிந்தது. பின்னால் நகரம் கண்ணுக்கெட்டிய தூரம் வரை எரிந்தது. கண்ணில் நீர்கூடக் கோத்திருந்தது.

அவள் கணவர் மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

"எங்கே எடுத்தே?"

"எடுக்கலை அத்தான். செஞ்சேன்."

"எடுக்காததுக்கு எப்படிப்பா போட்டோ கதைன்னு பேரு வரும்?"

"பாக்க போட்டோ மாதிரிதானே இருக்கு?"

"பல் செட்டுகூடத்தான் பாக்கப் பல்லு மாதிரி இருக்கும், மச்சான். கடிச்சாத்தான் தெரியும்."

"அந்தப் பல் செட்டைச் செய்யுறதே நீங்கதானே, அத்தான்!"

கேட்டிருக்கக் கூடாது. அதற்குப் பிறகு பேச்சு தடித்துவிட்டது. உன் ஆள் கால் தரையில் படவே இல்லை, மிதக்கிறானே, அவன் பேயா என்று இவர் கேட்டார். உங்க ஆளுக்கு முழங்கையில் திருகாணி தெரிகிறது, அதற்கு மிதப்பது தேவலை என்று அவன் சொன்னான்.

"என்னுது நிஜமான வெளிச்சம், நிஜமான நிழல். கையால தொட்டுப் பாக்கலாம்டா!"

"தொட்டா விழுந்துடுவான், அத்தான்!"

அவள் பாத்திரத்தை ஒதுக்குகிற சாக்கில் நடுவில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். இரண்டு பேரும் அடுத்தவனைப் பற்றிச் சொன்னது அத்தனையும் சத்தியம் என்று பட்டது. தம்பியின் செங்கவசனுக்குத் துக்கம் என்று அவன் நினைத்துச் செய்த முகம், கடைவாய்ப் பல் வலிக்கிற முகமாக வந்திருந்தது. எரிந்து சாம்பலான நகரத்தில் பேருக்கு ஒரு கரி கிடையாது. துடைத்து வைத்த அடுப்படி மாதிரி இருந்தது. எங்காவது மூலையில் மூன்று எலுமிச்சம்பழம் இருக்கிறதா என்றுகூடத் தேடிப் பார்த்தாள்.

அன்றோடு ஆண்கள் இருவருக்கும் பேச்சுவார்த்தை நின்றது. பேச வேண்டியதெல்லாம் அவள் வழியாகப் போய் அவள் வழியாக வந்தது. "உன் தம்பிகிட்ட சொல்லு, நிழல்னா என்னன்னு வெயில்ல நின்னு பாக்கச் சொல்லு." "அத்தான்கிட்ட சொல்லுக்கா, காலம் மாறிடுச்சுன்னு சொல்லு." அவள் இரண்டையும் சொல்லவில்லை. வேலையில் நாள் முழுக்கக் கேட்பது போதாதா?

வேலை, நகரத் தண்ணீர் வாரியத்தில். புகார்ப் பிரிவு. காதில் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தால் ஊரே அவள் காதுக்குள் வந்து கத்தும். தண்ணீர் வரவில்லை என்று கத்தும். வந்தால் கலங்கலாக வருகிறது என்று கத்தும். "பில்லு மட்டும் தெளிவா வருதேம்மா, அது எப்படி?" என்று ஒருவர் கேட்டார். நல்ல கேள்விதான். ஆனால் அவள் சொல்லக்கூடியது ஒன்றே ஒன்று: "உங்கள் புகார் பதிவு செய்யப்பட்டது. நன்றி." சொல்ல வேண்டும் என்று நாக்கு நுனிவரை வந்ததெல்லாம் உள்ளேயே தங்கிக்கொண்டிருந்தது.

அவள் வசனம் சொல்ல ஆரம்பித்தது தற்செயல்தான். துணி மடித்துக்கொண்டே கணவரின் திரையை எட்டிப் பார்த்தாள். மூடிய கதவுக்கு வெளியே நின்று செங்கவசன், "அடேய் கருநாக்கா! இதோ வந்துவிட்டேன், உன்னை அழித்தொழிக்க!" என்றான். கதவுக்குள்ளிருந்து கருநாக்கன், "ஹா ஹா ஹா! முடியுமா உன்னால்?" என்றான்.

"ஏங்க, இவன் ஊரையே சாம்பலாக்கினவன்தானே? எதுக்குப் பள்ளிக்கூட நாடகத்துல நடிக்கிறவன் மாதிரி சிரிக்கிறான்?"

"வில்லன் பின்ன எப்படிப் பேசுவான்?"

அன்றைக்குக் காலையில் ஒருவர் போன் செய்திருந்தார். குரலை உயர்த்தவே இல்லை. "நீங்க அவசரப்படாதீங்கம்மா. நான் இங்கேயேதான் இருக்கப்போறேன். உங்க பேரை மட்டும் சொல்லுங்க." கத்தினவர்கள் யாரும் தராத நடுக்கத்தை அந்த ஆள் தந்துவிட்டுப் போயிருந்தார்.

"இப்படிச் சொல்லச் சொல்லுங்க," என்று தலையணை உறையை உதறிக்கொண்டே அவள் சொன்னாள். "'அவசரமில்லை. நான் இங்கேயேதான் இருக்கப்போறேன். உன் பேரை மட்டும் சொல்லிட்டுப் போ.'"

அவர் தட்டச்சு செய்தார். சொன்னது பலிக்கிற வாய்க்குத் தன் பெயரைக் கொடுப்பதா என்று செங்கவசன் பஸ் வராத முகத்தோடு நின்ற அந்தக் கட்டத்தைப் பார்த்துக் குழுவே ஆடிப்போய்விட்டது. கருநாக்கன் இப்படிப் பேசி நாங்கள் கேட்டதே இல்லை, உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது என்று எழுதித் தள்ளினார்கள். கணவர் ஒவ்வொன்றாகப் படித்துக் காட்டினார்.

"பாத்தியா? அந்தக் கட்டத்துல விளக்கைப் பக்கவாட்டுல வச்சேன்ல, அதோட மகிமை."

அவள் அவரையே பார்த்தாள். விளையாட்டுக்குச் சொல்கிறார் என்று நினைத்தாள். இல்லை, மனுஷன் நிஜமாகவே நம்பினார்.

அதன்பிறகு அவள் வெங்காயம் உரித்துக்கொண்டும் தலை வாரிக்கொண்டும் வசனம் சொல்வதும், அவர் தட்டச்சு செய்துகொள்வதும் வழக்கமாகிவிட்டது. நாக்கு நுனியில் தேங்கிக் கிடந்ததெல்லாம் கருநாக்கன் வாய் வழியாக வெளியே போனது. அவளுக்குத் தலைவலி குறைந்திருந்தது.

தம்பி முட்டாள் இல்லை. ஒருநாள் அவள் அலுவலகக் கேன்டீனுக்கே வந்து எதிரில் உட்கார்ந்தான்.

"அக்கா, அத்தானுக்கு வசனம் நீதானே எழுதிக் குடுக்குற?"

"யாருடா சொன்னா?"

"யாராவது சொல்லணுமா? உன்னை முதமுதல்ல பாத்தப்பவே 'பல்வரிசை நல்லா இருக்கு'ன்னு சொல்லிட்டுப் போன மனுஷன் அவரு. அவருக்கு இப்படிப் பேச வருமா?"

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதுதான் தப்பாகப் போயிற்று.

"எனக்கும் எழுதிக் குடுக்கா. என் ஆளு நிலைமையைப் பாரு. படம் பிரமாதமா இருக்கு, வாயைத் திறந்தா அலமாரி விளம்பரம் மாதிரி பேசுறான்."

"அத்தானுக்குத் தெரிஞ்சா வீடு ரெண்டாயிடும்."

"அவருக்குத்தான் நிழலைத் தவிர எதுவும் தெரியாதே."

ஒத்துக்கொண்டாள். கூடப் பிறந்தவன் என்பது ஒரு காரணம். இன்னொரு காரணத்தை அவள் வெளியே சொல்லிக்கொள்ளவில்லை: கருநாக்கனுக்கு இப்போதெல்லாம் பேச்சு நிறைய இருந்தது. ஒரு வீடு போதவில்லை.

ஆக, ஒரே நாக்கு இரண்டு வாயில் பேச ஆரம்பித்தது. ஒரு பக்கம் முழங்கையில் திருகாணி தெரிகிற கருநாக்கன், இன்னொரு பக்கம் சவரம் செய்து எண்ணெய் பூசியதுபோலப் பளபளக்கிற கருநாக்கன். குழு இரண்டாகப் பிளந்தது. ஒரு கூட்டம் தன்னைப் பிளாஸ்டிக் கட்சி என்றது. எதிர்க்கூட்டம் பிக்சல் கட்சி. நிழலின் ஓரம் மங்கலாக இருக்க வேண்டுமா, கூர்மையாக இருக்க வேண்டுமா என்று பக்கம் பக்கமாக எழுதினார்கள். கவசத்தில் தெரிகிற வானத்தில் மேகம் எந்தத் திசையில் நகர்கிறது என்று அளந்து பார்த்தார்கள். இரண்டு பேரும் ஒரே மாதிரிப் பேசுகிறார்களே என்று ஒருத்தனாவது கேட்க வேண்டுமே? ம்ஹூம். கண்ணைக் கொடுத்த கடவுள் இவர்களுக்குக் காதைக் கொடுக்க மறந்துவிட்டார் என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

குழுவின் தலைவர் ஒரு மருந்துக்கடைக்காரர். எதையும் பிரித்து, பெயர் எழுதி, இழுப்பறையில் போட்டால்தான் அவருக்கு நிம்மதி. இந்தச் சண்டையையும் தீர்த்துவிடுவது என்று முடிவு செய்தார். வருடாந்தரக் கூட்டத்தில் பல்லுக்காரரும் அலமாரிக்காரரும் விட்டுப்போன அந்தச் சந்திப்பைச் செய்து கொண்டுவர வேண்டும். கடைசிக் கதவு திறக்கிறது, செங்கவசனும் கருநாக்கனும் நேருக்கு நேர். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் மாட்டி ஓட்டெடுப்பு. யார் ஜெயிக்கிறாரோ அவர் வழிதான் இனிமேல் குழுவின் வழி. கூட்டத்துக்கு முன்னால் இருவரையும் பேட்டி கண்டு குழுவின் பக்கத்தில் போட்டார்.

அழைப்பு குறைந்திருந்த ஒரு நேரத்தில் அவள் அதைப் படித்தாள். கணவர் வெளிச்சத்தைப் பற்றியும் மெழுகைப் பற்றியும் நெடுக எழுதியிருந்தார். கீழே ஒரு கேள்வி: உங்கள் கருநாக்கனின் வசனங்கள் பிரமாதம், எப்படி எழுதுகிறீர்கள்? "வசனம் கடைசியில் ஒட்டுவதுதானே. அது ஐந்து நிமிட வேலை. படம் சரியாக அமைந்தால் வசனம் தானாக வந்துவிடும்."

தம்பியிடமும் அதே கேள்வி. "வசனத்தை நான் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. கம்ப்யூட்டர் படத்தைச் செய்து முடிக்கும்வரை சும்மா உட்கார்ந்திருக்க வேண்டுமே, அந்த நேரத்தில் எதையாவது அடித்துப் போடுவேன்."

பக்கத்து இருக்கைக்காரி திரும்பிப் பார்த்தாள். "என்ன, மூஞ்சி இப்படி ஆயிடுச்சு?"

"ஒண்ணுமில்லை. எங்க வீட்ல ரெண்டு பேருக்கு வசனம் தானா வருதாம்."

அன்று முழுவதும் வந்த புகார்களுக்கு நன்றி சொல்லும்போது அவள் குரலில் ஒரு கரகரப்பு இருந்தது.  திருடினால்கூடப் பரவாயில்லை, திருடுகிறவன் அது உயர்ந்த பொருள் என்றாவது நினைப்பான். இவர்கள் அதை மேசை துடைக்கிற துணி மாதிரி நினைத்திருந்தார்கள்.

சந்திப்புக் காட்சிக்கு வசனம் கேட்டுக் கணவர் வந்தார், கையில் இடுக்கியோடு. அவள் யோசிக்காமல் சொன்னாள். ஏற்கனவே யோசித்து வைத்திருந்ததுதான். செங்கவசன் கதவை உடைத்துக்கொண்டு உள்ளே வருகிறான். கருநாக்கன் எழுந்திருக்கவில்லை.

"வந்துட்டியா. உக்காரு."

"உன்னைக் கொல்ல வந்திருக்கேன்."

"தெரியும். நீ வருவேன்னு சொன்னதே நான்தான்."

"அப்ப நீ சாகப்போறேன்னும் சொல்லு."

"சொல்லிப் பாத்துட்டேன். என் விஷயத்துல மட்டும் பலிக்க மாட்டேங்குது. அதுக்குத்தான் உன்னை வரவெச்சேன்."

அவர் தட்டச்சு செய்து முடித்து, தலையைச் சாய்த்துத் திரையைப் பார்த்தார். அவள் காத்திருந்தாள்.

"சின்னச் சின்னதா இருக்கு," என்றார். "நல்லதாப் போச்சு. குமிழி கவசத்தை மறைக்காது."

மறுநாள் கேன்டீனில் தம்பியிடமும் அதையே சொன்னாள். ஒரு சொல் மாற்றவில்லை. அவன் போனில் அடித்துக்கொண்டே, "சூப்பர்க்கா. குமிழியைக் கண்ணாடி மாதிரி பண்ணிடுறேன், பின்னால இருக்கிற சுவரு தெரியும்," என்றான்.

கூட்டம் வாடகை மண்டபத்தில் நடந்தது. ஆண்களும் சில பெண்களுமாக ஒரு கூட்டம், மார்பில் செங்கவசன் படம் போட்ட சட்டைகள். பலருக்கு அந்தச் செங்கவசன் தொப்பைமேல் அகலமாக விரிந்திருந்தான். மேடையில் இரண்டு பலகைகள், துணி போட்டு மூடி. பிளாஸ்டிக் கட்சி இடப்பக்கம் உட்கார்ந்தது, பிக்சல் கட்சி வலப்பக்கம். அவள் பின்னால் டீ வைத்திருந்த மேசையருகே நின்று ஒரு பிஸ்கெட்டை டீயில் தொட்டுத் தின்றுகொண்டிருந்தாள்.

மருந்துக்கடைக்காரர் இரண்டு துணியையும் ஒரே நேரத்தில் இழுத்தார்.

முதலில் கைதட்டல். அப்புறம் எல்லாரும் எழுந்து கிட்டே போனார்கள். படித்தார்கள். இடப்பக்கம் படித்தவர்கள் வலப்பக்கம் போனார்கள், மறுபடி இடப்பக்கம் வந்தார்கள். ஒருவர் விரலால் தொட்டுத் தொட்டு எழுத்துக் கூட்டினார். சத்தம் மெல்லக் குறைந்து, பிறகு ஒரேயடியாகக் கிளம்பியது.

"ஒரு எழுத்து மாறலையே!"

அவள் கணவர் தன் மச்சானைப் பார்த்துப் பேசியது அத்தனை நாளுக்குப் பிறகு அப்போதுதான். "என்கிட்டேயிருந்து திருடிட்டியாடா?"

"நானா? நீங்கதான் அத்தான் திருடியிருக்கீங்க!"

"நான் எதுக்குடா திருடணும்? எனக்கு எழுதத் தெரியாதா?"

"ரெண்டு பேரும் நிறுத்துங்க," என்றார் மருந்துக்கடைக்காரர். "எழுதினவர் யாரு? அத மட்டும் சொல்லுங்க, போதும்."

 இரண்டு தலையும் ஒரே நேரத்தில் மண்டபத்தின் பின்பக்கம் திரும்பியது. அவள் அவசரப்படவில்லை. பிஸ்கெட்டை முடித்தாள். டீயை ஒரு வாய் குடித்தாள். இந்த ஒரு நிமிஷத்துக்காக எவ்வளவு வெங்காயம் உரித்திருக்கிறோம் என்று தோன்றியது.

"நான்தான் எழுதினேன்," என்றாள். "இதுக்கு முன்னாடி வந்ததெல்லாமும்தான். ரெண்டு பக்கமும்."

"ஏம்மா, ரெண்டு பேருக்கும் எதுக்கு ஒரே வசனம்?"

"படம் சரியா அமைஞ்சா வசனம் தானா வரும்னு பேட்டியில சொல்லியிருந்தாங்களே. தானா வந்ததுதான் சார், ரெண்டு வீட்டுக்கும் வந்துடுச்சு போல."

யாரோ சிரித்தார்கள். அவள் கணவரின் காது சிவந்தது. தம்பி தரையில் எதையோ தேடினான்.

இனி என்ன நடக்கும் என்று அவளும் கொஞ்சம் ஆசையோடுதான் நின்றாள். அந்தக் கடைசி வசனத்தைப் பற்றி யாராவது கேட்பார்கள், தன் சாவைத் தானே வரவழைத்தவன் என்று எப்படித் தோன்றியது என்று கேட்பார்கள் என்று நினைத்தாள். முன்வரிசையில் ஒரு தாடிக்காரர் கையைத் தூக்கினார்.

"அதெல்லாம் சரிங்க. வசனம் ரெண்டுலயும் ஒண்ணுதான்னு ஆயிடுச்சு. அப்ப படத்தை மட்டும் வச்சு முடிவு பண்றது இன்னும் சுலபமாச்சே? நிழலை எடுத்துக்குங்க..."

அவ்வளவுதான். "நிழலா? பிரதிபலிப்பைப் பேசுங்க!" என்று வலப்பக்கத்திலிருந்து ஒருவர் எழுந்தார். மண்டபம் பழையபடி இரண்டாகிவிட்டது. அவள் டீக் கோப்பையோடு நின்றுகொண்டிருந்தாள், புகார் பதிவு செய்யப்பட்ட ஆள் மாதிரி. பக்கத்தில் இருந்த ஒரு பெண் மட்டும் மரியாதைக்காக, "நீங்க எந்தக் கட்சிங்க?" என்று கேட்டாள்.

"நானா?" அவள் கோப்பையை வைத்தாள். மண்டபம் முழுக்கக் கேட்கிற குரலில் சொன்னாள்: "இந்தப் பக்கம் முகமில்லாத ஒருத்தன், அந்தப் பக்கம் கால் தரையில படாத ஒருத்தன். நடுவுல என் கருநாக்கன் மாட்டிக்கிட்டு முழிக்கிறான். உங்களுக்கெல்லாம் வெக்கமே இல்லையா?"

இரண்டு கட்சிக்கும் ஒரே நேரத்தில் ரோஷம் வந்தது. ஓட்டெடுப்பு நடக்கவில்லை.

வீட்டுக்குத் திரும்பும்போது அவள் காரின் பின்னிருக்கையில் உட்கார்ந்தாள். ஆண்கள் முன்னால். கார் பெரிய சாலையில் ஏறியது. பிறகு தம்பி சொன்னான்:

"அக்கா இப்படிப் பண்ணுவான்னு நான் நினைக்கவே இல்லை, அத்தான்."

"நான் மட்டும் நினைச்சேனா, மச்சான்?"

அத்தான் என்றும் மச்சான் என்றும் கேட்டு எவ்வளவு காலமாயிற்று! அவர்களைச் சேர்த்துவைக்க அவள் என்னென்னவோ செய்து பார்த்திருக்கிறாள். கடைசியில் அவளைத் திட்டுவதில் சேர்ந்துவிட்டார்கள். கார் வீட்டு வாசலில் நிற்பதற்குள் திட்டம்கூடத் தயாராகிவிட்டது: ஆட்களுக்கு ஆக்‌ஷன் ஃபிகர், பின்னணிக்குக் கம்ப்யூட்டர். இரண்டு கலையும் கூட்டு. வசனம்? "அது என்ன பெரிய கம்பசூத்திரமா? நாமே எழுதிக்கலாம்," என்றார் கணவர், பின்னால் உட்கார்ந்திருப்பவள் காதில் விழட்டும் என்று கொஞ்சம் உரக்க.

அந்தக் கூட்டுப் படைப்பு வெளியானபோது அவள் வேலையில் இருந்தாள். செங்கவசனின் மெழுகு குதிகால் கம்ப்யூட்டர் தரையில் ஒட்டவில்லை. இப்போது அவன் விழவும் செய்தான், மிதக்கவும் செய்தான். "அடேய்! உன் அராஜகத்துக்கு இன்றோடு முற்றுப்புள்ளி!!!" என்றான். கருநாக்கன், "அப்படியா? அதையும் பார்த்துவிடுவோம்!!!" என்றான். அவளுக்குப் பொங்கி வந்த சிரிப்பு ஹெட்செட் வழியாக மறுமுனைக்கும் போய்விட்டது. "ஏம்மா, ரெண்டு நாளா தண்ணி இல்லைங்குறேன், சிரிக்கிறீங்களா?" என்று அந்த ஆள் சீறினார். நியாயமான புகார்தான். அதையும் பதிவு செய்துகொண்டாள்.

ஆனால் சிரிப்பு அடங்கியபிறகு வருத்தமாக இருந்தது. கருநாக்கனை இப்படிக் கோமாளியாக்கி நிறுத்திவிட்டார்களே! அவனோ அவளுக்குள் பேசுவதை நிறுத்தவில்லை. பஸ்ஸில் பேசினான், பல் தேய்க்கும்போது பேசினான். அந்த அறையில் செங்கவசன் இன்னும் எதிரே உட்கார்ந்துதான் இருந்தான். இருவருக்கும் நடுவில் விளக்கு மட்டும் அணைந்துபோயிருந்தது.

விடுமுறை நாள் காலையில் அவள் தன் போனை எடுத்தாள். உள்ளங்கையால் கேமராவை இறுக மூடிக்கொண்டு படமெடுத்தாள். கன்னங்கரேல் என்று வந்தது. அந்தக் கறுப்பின்மேல் இரண்டு சிறிய வெள்ளைக் குமிழி வைத்தாள். அப்படியே கட்டம் கட்டமாகப் போனாள். இருட்டில் உட்கார்ந்து பேசுகிற இரண்டு பேர். ஒருவன் கொல்ல வந்தவன், ஒருவன் சாகக் காத்திருப்பவன். கொல்ல வந்தவனுக்குக் கை வரவில்லை. காத்திருப்பவனுக்குப் பொறுமை போய்க்கொண்டிருந்தது. "புகார்ப் பிரிவு" என்று பெயர் போட்டுக் குழுவில் ஏற்றினாள்.

மத்தியானமே மருந்துக்கடைக்காரர் போன் செய்தார்.

"அம்மா, நம்ம விதிப்படி போட்டோ இருக்கணும்."

"போட்டோதான் சார். கேமராவைக் கையால மூடிக்கிட்டு எடுத்தேன். பொம்மையும் இல்லை, கம்ப்யூட்டர்ல செஞ்சதும் இல்லை. நிஜமான இருட்டு."

அவர் விதிகளைப் புரட்டிப் பார்க்கிற சத்தம் கேட்டது. "இருட்டைப் பத்தி நாம ஒண்ணும் எழுதலை," என்றார், கவலையோடு. எந்த இழுப்பறையில் போடுவது என்று அவருக்குத் தெரியவில்லை.

பிளாஸ்டிக் கட்சியும் பிக்சல் கட்சியும் முதல்முறையாக ஒன்றுபட்டு அதைக் கண்டித்தன. உழைப்பில்லை என்றன, கலைக்கு அவமானம் என்றன. கண்டித்துவிட்டு, மூன்றாம் கட்டத்தில் செங்கவசன் ஏன் பதில் சொல்லவில்லை என்று கேட்டு எழுதின. அவன் அழுகிறான் என்று ஒருவர் சொன்னார். இல்லை, யோசிக்கிறான் என்று இன்னொருவர். நிழலைப் பற்றி யாரும் பேசவில்லை. பேச அதில் நிழல் இருந்தால்தானே?

கணவர் அன்று சாயங்காலம் முழுக்க முகம் கொடுத்துப் பேசவில்லை. கடைசியில் தாங்கமாட்டாமல், "அதுல என்ன இருக்கு? ஒளி இருக்கா? அமைப்பு இருக்கா? விரலை வச்சு மூடிட்டா ஆயிடுச்சா?" என்றார்.

"விரலில்லைங்க. உள்ளங்கை."

"உன் தம்பியும் அதுல ஒண்ணுமில்லைன்னுதான் சொன்னான். நானெல்லாம் அதப் படிக்கப்போறதில்லை," என்று சொல்லிவிட்டுத் துண்டை எடுத்துக்கொண்டு குளிக்கப் போனார். போனையும் எடுத்துக்கொண்டு போனதை அவள் பார்த்தாள்.

அவள் வெங்காயத்தை எடுத்து உரிக்க உட்கார்ந்தாள். கொஞ்ச நேரம் கழித்துக் குளியலறைக்குள்ளிருந்து ஒரு சிரிப்பு வெடித்தது. அடக்கப் பார்த்து, அடக்க முடியாமல், மூக்கு வழியாக வந்த சிரிப்பு. எந்த இடம் என்று அவளுக்குத் தெரியும். இருட்டில் செங்கவசன், "இருக்கியா?" என்று கேட்பான். "எனக்கு எங்க போக்கிடம்? உன் கவசத்துக்கு எண்ணெய் போடு முதல்ல, கீச்சு கீச்சுன்னு பேசவிட மாட்டேங்குது," என்பான் கருநாக்கன்.

"என்னங்க சிரிப்பு?" என்று அவள் குரல் கொடுத்தாள்.

உள்ளே சட்டென்று அடங்கியது. "ஒண்ணுமில்லை. தண்ணி சில்லுன்னு இருக்கு."

குழாய் திறந்த சத்தம் அதற்கப்புறம்தான் கேட்டது.